வண்டி நன்றாக இருக்கிறது

அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது என் வேலையாக இருந்தது. அவர் துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணிக்குப் படிக்க வரும், எழுத வராது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு அண்ணி சுவரோரம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் நீல நிற ஏர்மெயில் தாளில் எழுதுவேன். அம்மாவின் மூட்டுவலி, பிள்ளைக்கு வந்து போன சளி, பக்கத்து வீட்டு நிக்காஹ் எல்லாம் எழுதி முடித்த பிறகு அடியில் இரண்டு விரல் இடம் மிஞ்சும். அதில் நானாக ஒரு வரி சேர்ப்பேன்: ‘வண்டி நன்றாக இருக்கிறது.’ மூன்று வருஷம் அந்த வரியை எழுதினேன். முதல் இரண்டு வருஷம் அது உண்மையாகவும் இருந்தது.

வண்டி என்றால் அண்ணனின் டாக்ஸி. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது, பழைய கார்களின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினை மாட்டிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அண்ணனும் எங்கிருந்தோ ஒரு பழைய டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து, தன் கூட்டாளியான மெக்கானிக்கோடு சேர்ந்து ஒரு மாதம் மல்லுக்கட்டி அதை உள்ளே உட்கார வைத்தார். கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். நின்றால் கதவெல்லாம் நடுங்கும். ஆனாலும் விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து சவாரி ஏற்றிக்கொண்டு நல்லூர், சேத்தியாத்தோப்பு என்று எங்கே போனாலும் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். அண்ணி மாசமாக இருந்தபோது அண்ணனுக்கு விசா வந்தது. கிளம்பும் அன்று சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துல ஒரு நா ஸ்டார்ட் பண்ணி வையிடா. சவாரி கிவாரின்னு எங்கியும் போயிடாத" என்றார்.

நான் போனேன்.

எனக்கு செராமிக் எஸ்டேட்டில் வேலை. ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. அதில் ஜாடிக்குப் பளபளப்பு கொடுக்கும் கிளேஸ் தயாரிக்கும் இடத்தில் இருந்தேன். குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக் கல்லை மில்லில் போட்டு நாள் முழுக்க மாவாக அரைப்பது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக வருவேன். அப்படிப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பிடிப்பதில் ஒரு மிதப்பு இருந்தது. தெரிந்தவர்களுக்கு மட்டும், எப்போதாவது, மெக்கானிக் கண்ணில் படாமல் ஒரு சவாரி.

ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனபோது ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க மறந்துவிட்டேன். பாதி வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. உள்ளே இருந்தவர்கள் முகூர்த்தம் முகூர்த்தம் என்று பறந்தார்கள். கொதித்துக்கொண்டிருந்த இன்ஜினில் வாய்க்கால் தண்ணீரைப் பச்சையாக அள்ளி ஊற்றினேன். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சூளையிலிருந்து சூட்டோடு எடுத்த ஜாடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவே முடியாது.

அதற்குப் பிறகு வண்டி பழைய வண்டியாக இல்லை. ஸ்டார்ட் ஆக அரைமணி நேரம் கெஞ்ச வேண்டும். ஸ்டார்ட் ஆனால் தெருவை மறைத்துக்கொண்டு வெள்ளைப் புகை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் உலை போலக் கொப்பளித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நீலத் தாளின் அடியில் அதே வரியை எழுதினேன். அண்ணி வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொகய பத்தி எழுதலையா தம்பி?"

"அங்க வெயில்ல வெந்துகிட்டு இருக்கிறவர எதுக்குக் கவலப்பட வைக்கணும் அண்ணி? நான் சரி பண்ணிடறேங்க."

அண்ணி தாளை மடித்து ஒட்டினார். நான் சரிபண்ணவில்லை. வண்டியை வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகைக்குள் தள்ளி, சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். பத்து மாதம் அது அப்படியே கிடந்தது. பத்து மாதமும் கடிதத்தில் அது நன்றாகவே இருந்தது.

பிறகு அண்ணனின் கடிதம் வந்தது. லீவில் வருகிறேன் என்றுதான் கம்பெனியில் சொல்லியிருக்கிறேன், ஆனால் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை என்று எழுதியிருந்தார். ‘வண்டிதான் நன்றாக இருக்கிறதே, அதை ஓட்டிக்கொண்டு பிள்ளையோடு இருந்துவிடுகிறேன். திரும்பிப் போகிற டிக்கெட்டை நம் வீட்டு அடுப்பில் போட்டுவிடலாம்’ என்று இருந்தது. அண்ணி அதை எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் இடுப்பில் செருகியபடியே நடமாடினார். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது முடியப்போகிறது. அப்பா என்றால் அவளுக்கு அலமாரியில் இருந்த ஒரு போட்டோ. ‘அத்தாவுக்கு சலாம் சொல்லு’ என்றால் அலமாரியைப் பார்த்துச் சொல்லுவாள்.

அண்ணன் வர ஆறு வாரம் இருந்தது. ஊரிலேயே நல்ல டீசல் மெக்கானிக் அண்ணனின் கூட்டாளிதான். அவரிடம் போனால் முதலில் நான்கு அறை விழும், அடுத்த தபாலில் அண்ணனுக்கு விஷயம் போகும். ஆகவே வீட்டிலேயே நான் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணனும் மெக்கானிக்கும் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்ததையெல்லாம் செய்துவிடலாம் என்று நினைக்கிற வயது இருபத்தைந்து.

முதல் ஞாயிறு முழுவதும் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றுவதிலேயே போனது. ஹெட் என்பார்கள். தேங்காய் மட்டை கனம் என்று நினைத்துக் கை வைத்தால் அது கருங்கல். நட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, ஸ்பானருக்குக் குழாய் மாட்டி, அதன் மேல் என் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டுத் திருகினேன். ஒன்று பட்டென்று விட்டதில் முழங்கை கிழிந்தது. கடைசியில் நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் சாக்கைப் போட்டுப் பிடித்துத் தூக்கி, பழைய பாயில் இறக்கினோம். அண்ணியின் முந்தானையெல்லாம் கரி. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"சரியாயிடும்ல தம்பி?"

"ஆயிடும் அண்ணி."

மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் என்ற தகடு ஓரிடத்தில் கருகி ஓட்டையாகி இருந்தது. உள்ளூரில் வாங்கினால் பேச்சு வெளியே போகும் என்று கடலூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதியது வாங்கி வந்தேன். வால்வுகள்தான் அடுத்த தலைவலி. எட்டு வால்வும் தத்தம் இடத்தில் காற்றுப் புகாமல் உட்கார வேண்டும். எட்டும் புள்ளி புள்ளியாக அரித்துப் போயிருந்தன. வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே சொரசொரப்பான பேஸ்ட்டைத் தடவி, கழியின் முனையில் வால்வைப் பிடித்து, தயிர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் உருட்டித் தேய்க்க வேண்டும். அந்தப் பேஸ்ட்டைக் கடலூரில் கேட்டேன், அன்றைக்கு இல்லை என்றார்கள். விருத்தாசலத்தில் விற்கிற ஒரே கடை மெக்கானிக் ஷெட்டுக்குப் பக்கத்துக் கடை.

அப்போதுதான் எனக்கு அந்த அறிவு உதித்தது. நாள் முழுக்கக் கல்லை மாவாக அரைக்கிறவன், தேய்க்கிற மாவுக்காகக் கடை கடையாக அலைவதா? மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பாட்டுத் தூக்கின் மேலடுக்கில் குவார்ட்ஸ் மாவை நிரப்பிக்கொண்டு வந்தேன். எங்கள் வேலையில் மாவு பதமா என்று பார்க்க முன்பல்லில் வைத்து நெருடிப் பார்ப்போம். நெருடினால் மறுபடி மில்லுக்குப் போகும். இது பல்லில் வெண்ணெய்யாக வழுக்கியது. எனக்கு அதில் பெருமை வேறு. எண்ணெய்யில் குழைத்து வால்வில் தடவி உருட்டினேன். இரண்டு ஞாயிறும், நடுவில் கிடைத்த சாயங்காலங்களும் அதற்கே போயின. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. ஆனால் வால்வு ஒவ்வொன்றும் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழுந்து, ஊற்றிய மண்ணெண்ணெய்யைச் சொட்டுக்கூட விடாமல் பிடித்துக்கொண்டது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். மாவின் குணம் கண்டுவிட்ட மயக்கத்தில் இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தேன். நான்கு பிஸ்டன்களின் தலையிலும் கரி கெட்டியாகப் பிடித்திருந்தது. சுரண்டினேன், போகவில்லை. துணியை மண்ணெண்ணெய்யில் நனைத்து, குவார்ட்ஸ் மாவைத் தொட்டு, பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்த்தேன். கண்ணாடி போல வந்தது. விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுக்கக் கொட்டகைக்கு வந்த அண்ணி குனிந்து பார்த்தார்.

"ஓரத்து இடுக்குல மாவு போவுதே தம்பி."

"தொடச்சிடுவேன் அண்ணி."

"மாவு தொடச்சா போவாதுங்க. ஒரு நா மாவு சலிச்சா நாலு நாளைக்கு அடுப்படில வெள்ளையாவே இருக்கும். எவ்ளோ தொடச்சாலும்."

"அது அரிசி மாவு. இது எங்க தொழிலு அண்ணி. இதுல உங்களுக்கு என்ன தெரியும்?"

இந்த வாக்கியத்தை நான் அவரிடம் சொன்னேன். சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன், மெழுகிப் பூசவில்லை. அவர் முகம் சுருங்கவில்லை. "சரி தம்பி, நீங்க பார்த்துக்கங்க" என்று போய்விட்டார்.

மண்ணெண்ணெய் விட்டு மூன்று முறை அலசினேன். முதல் அலசல் பால் போல வந்தது. இரண்டாவது கலங்கல். மூன்றாவது தெளிந்தது. எங்கள் தொட்டிகளில் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டால் மாவு முழுக்க அடியில் படிந்துவிட்டது என்று அர்த்தம். வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பழகிய கண், தெளிவைப் பார்த்ததும் சுத்தம் என்று நம்பியது. அடியில் படிந்தது எங்கே படிந்தது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். தொட்டிக்கு அடி இருக்கிற மாதிரி இன்ஜினுக்கும் அடி இருக்கிறது. அங்கேதான் ஆயில் இருக்கிறது. அந்த ஆயில்தான் இன்ஜின் முழுக்கச் சுற்றி வரும்.

மூடியைப் பூட்டி, டீசல் குழாயில் காற்றை எடுத்து, சாவியைத் திருப்பினேன். மூன்றாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகைந்து, பிறகு புகையே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா உள்ளிருந்து துஆ ஓதிக்கொண்டே வந்தார். அண்ணி பானெட்டின் மேல் கையை வைத்து அதன் அதிர்வைக் கொஞ்ச நேரம் உணர்ந்துகொண்டிருந்தார். அன்றைக்குச் சேமியாப் பாயசம் செய்தார். என்னுடைய இருபத்தைந்து வயது வாழ்க்கையில் நான் கெட்டிக்காரன் என்று முழுமனதோடு நம்பிய நாள் அதுதான்.

அண்ணனை ஜங்ஷனிலிருந்து அந்த வண்டியில்தான் அழைத்து வந்தேன். கறுத்து இளைத்திருந்தார். பிள்ளை அவரைப் பார்த்ததும் என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். பாதி வழியில் அண்ணன் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார்.

"ஹெட்ட கழட்டினியா?"

"ஆமாண்ணே. கார்பன் எடுத்து, வால்வு தேச்சு வச்சிருக்கேன்."

"பரவால்லடா. நல்லா வச்சிருக்க."

முதல் மூன்று வாரம் அந்த வீட்டில் பண்டிகை. அண்ணன் காலையில் வண்டியைத் துடைப்பார், பிள்ளை டயர் ஒன்றைத் துடைப்பாள். இரண்டாவது வாரம் அவர் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தாள். ஒரு நாள் அண்ணன் சவாரி முடித்துத் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும், போட்டோவைப் பார்க்காமல், வாசலைப் பார்த்து "அத்தா" என்று ஓடினாள். அண்ணி சமையலறையில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். டிக்கெட் பெட்டிக்குள் கிடந்தது. அதை அடுப்பில் போடுவது பற்றி அண்ணன் தினமும் கேலி பேசுவார். நாள் பார்த்துப் போடலாம் என்பார் அண்ணி.

நான்காவது வாரம் இன்ஜினிலிருந்து கட கட என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆயில் குறைந்துகொண்டே போனது. அண்ணன் ஆயில் விட்டார், காது கொடுத்துக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார். இரண்டு நாள் கழித்து, சேத்தியாத்தோப்புக்குப் போகும் வழியில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. லாரி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். கையில் தினசரிப் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பாயில் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே இன்ஜினின் தண்டு சுழலும் இடத்தில் இருக்கும் பேரிங் தகடுகள். முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டியவை, கொத்திய அம்மி போலக் கோடு கோடாக இருந்தன.

"பாய், இது ஓடித் தேஞ்சது கெடயாது. மண்ணு மாதிரி ஏதோ உள்ள போயி அறுத்திருக்குது. சிலிண்டரும் போச்சு, தண்டும் போச்சு. இந்த இன்ஜின்ல இனிமே கைய வக்கிறது வேஸ்ட்டு."

அண்ணன் ஒரு தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"என்னத்த போட்டுடா தேச்ச?"

அந்த நேரம் அண்ணி டீயோடு வந்து நின்றார்.

"கடையில விக்கிற பேஸ்ட்டுதாண்ணே. கடலூர்ல வாங்கினேன்" என்றேன் வாய் கூசாமல்.

அண்ணி கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தார். இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெக்கானிக் முன்னால் ஒன்றும், அண்ணன் முன்னால் ஒன்றும் டம்ளரை வைத்தார். எனக்கு வைக்க வேண்டியதையும் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

"பழைய இன்ஜினு. அதுவும் எத்தன நாளைக்குத் தாங்கும்" என்றார் அண்ணன், மெக்கானிக்கிடமா என்னிடமா என்று தெரியாமல். உண்மையைச் சொல்வதற்கு அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்கு இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அடிப்பார் என்ற பயம் இல்லை. அடிக்க மாட்டார், ‘சரி விடு’ என்று சொல்லிவிடுவார் என்ற பயம். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் திராணி இல்லை.

வேறு இன்ஜின் வாங்க வழி இல்லை. மூன்று வருஷம் அவர் அனுப்பியதெல்லாம் வீட்டுக்கு ஓடாகவும் அம்மாவுக்கு வைத்தியமாகவும் ஆகியிருந்தது. அண்ணன் இரண்டு நாள் காலையில் துடைக்க வண்டி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து டிக்கெட்டில் தேதியைப் பார்த்தார். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

அவர் கிளம்பிய காலையில் பிள்ளை, அத்தா சவாரிக்குப் போகிறார் என்று நினைத்துக் கையாட்டினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பும்போது அண்ணி எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. அண்ணன் தம்பிக்குள்ள நான் எதுக்கு. ஆனா அவுங்க உங்க எழுத்த நம்பித்தான் கெளம்பி வந்தாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல நீலத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனாவுக்கு மை ஊற்றினேன். அண்ணியைக் காணோம். எதிர்வீட்டில் ஸ்கூல் டீச்சர் ஒருவர் குடியிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அண்ணி அங்கிருந்து வந்தார். எழுதி, மடித்து, ஓரமெல்லாம் ஒட்டிய நீலத் தாள் கையில் இருந்தது.

"ஷிஃப்டுக்குப் போறப்ப வழியில போட்டுடுங்க தம்பி" என்று என்னிடம் நீட்டினார்.

அதற்கப்புறம் அண்ணன் ஊரோடு வந்து சேர எட்டு வருஷம் ஆனது. எட்டு வருஷமும் மாதம் இரண்டு கடிதம் அப்படி ஒட்டி என் கைக்கு வரும். நான் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பதில்களில் என்னைப் பற்றிய வரி கடைசி வரை மாறவில்லை: ‘தம்பிக்கு என் சலாம்.’ வண்டியைப் பற்றி மட்டும் அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.